அமுச்சி நோட்டில் இருக்கும் கேக்கை இன்றைய அடுப்பில் எடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் வீட்டு மாடியில் நாலைந்து பேருக்குக் கேக், பிஸ்கட், பன் சொல்லிக் கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரு பழைய நோட்டோடுதான் வருவார்கள். அமுச்சியோடது (அம்மாவைப் பெற்றவரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்), பெரியம்மாவோடது, இல்லையென்றால் எஸ்டேட்டில் வேலை பார்த்த மாமா வீட்டிலிருந்து வந்தது. எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். நோட்டில் உள்ளதை ஒரு தடவைகூட அப்படியே செய்து பார்க்காமல் டால்டாவை எண்ணெயாக, மைதாவைக் கோதுமையாக, சர்க்கரையைப் பாதியாக, எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றி விடுகிறார்கள். கேக் கல்லாக வந்தால் எந்த மாற்றத்தால் அப்படி ஆனது என்று சொல்லவே முடியாது.

பழைய குறிப்பு என்பது ஏற்கெனவே செய்யத் தெரிந்தவர் தன் ஞாபகத்துக்காக எழுதி வைத்தது. செய்முறையில் பாதிதான் தாளில் இருக்கும், மீதி அவர் கையில் இருந்தது. அந்த மீதியை முதலில் கண்டுபிடிக்க வேண்டும், மாற்றுவதெல்லாம் அதற்கு அப்புறம். கீழே உள்ள வரிசையைக் கலைக்காமல் போனால் மூன்றாவது, நாலாவது தடவையில் நல்ல கேக் கைக்கு வந்துவிடும்.

உதாரணத்துக்கு எங்கள் அமுச்சி நோட்டில் இருக்கும் ரவா கேக்கையே எடுத்துக் கொள்கிறேன். அந்தப் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: "ரவை 1 ஆழாக்கு, அஸ்கா 1 ஆழாக்கு, டால்டா அரை ஆழாக்கு, முட்டை 4, பால் கால் ஆழாக்கு, பேக்கிங் பவுடர் 1 ஸ்பூன், ஏலம். நன்றாக அடித்து மிதமான தணலில் வேகவும்."

1. தொடங்கும் முன் என்னென்ன வேண்டும்

ஒரு கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு முதலில் வேண்டும். இது இல்லாமல் தொடங்க வேண்டாம், ஏனென்றால் இங்கே பாதி வேலை பழைய அளவை எடைக்கு மாற்றுவதுதான். அடுத்தது ஓவனுக்குள் வைக்கும் வெப்பமானி. வீட்டு ஓவன்களில் திருகியில் 180 என்று வைத்தால் உள்ளே 160ம் இருக்கலாம், 200ம் இருக்கலாம். என்னிடம் வந்தவர்களின் ஓவனில் வெப்பமானி வைத்துப் பார்த்தபோது திருகியும் உள்சூடும் சரியாகப் பொருந்தியது ரொம்பக் குறைவு.

அப்புறம் அளவுக் கரண்டி செட், மில்லி கோடு போட்ட ஜாடி, ஆறு அங்குல வட்ட டின், பட்டர் பேப்பர், ஒரு பென்சில், புது நோட்டு. முடிந்தால் பழைய நோட்டு எழுதப்பட்ட வீட்டின் ஆழாக்கு அல்லது டம்ளரையும் தேடி எடுத்து வையுங்கள். பரணில் கிடக்கும் அந்தப் பித்தளை ஆழாக்குக்கு எவ்வளவு மதிப்பு என்று நாலாவது படியில் தெரியும்.

பேக்கிங் பவுடரைப் புதிதாக வாங்குங்கள். வீட்டில் இருப்பதையே போடுவதென்றால் அரை ஸ்பூனை வெந்நீரில் போட்டுப் பாருங்கள். பொங்கி நுரைக்க வேண்டும். நாலு குமிழ் மட்டும் வந்தால் அதை ஒதுக்கி விடுங்கள். இல்லையென்றால் கேக் எழும்பாதபோது குறிப்பின் மேல் சந்தேகம் வரும்.

2. பக்கத்தை எழுதியபடியே நகல் எடுங்கள்

முதலில் கைபேசியில் படம் எடுங்கள். மை மங்கியிருந்தால் பக்கவாட்டில் இருந்து வெளிச்சம் விழும்படி ஜன்னலோரம் வைத்து எடுத்தால் பேனா அழுத்திய தடம் தெரியும். அதைப் பார்த்துப் புது நோட்டில் வரி மாறாமல், எழுத்துப் பிழையைக்கூடத் திருத்தாமல் எழுதிக் கொள்ளுங்கள். "வேகவும்" என்று இருந்தால் "வேகவும்" என்றுதான்.

காரணம் இருக்கிறது. நகல் எடுக்கும்போதே நாம் நம்மை அறியாமல் திருத்துவோம். "1 ஸ்பூன்" என்பதை "1 டீஸ்பூன்" என்று எழுதி விடுவோம், ஆனால் அந்த வீட்டில் ஸ்பூன் என்றால் குழம்புக் கரண்டிக்கு அடுத்த பெரிய ஸ்பூனாக இருந்திருக்கலாம். முடிவு எடுப்பது அடுத்த படியின் வேலை. இங்கே எடுத்து எழுதுவது மட்டும்.

ஓரத்துக் கிறுக்கல்களையும் விடாதீர்கள். எண்ணெய்க் கறை எந்தப் பக்கத்தில் அதிகம் என்றும் பாருங்கள். கறை படிந்த பக்கம்தான் அடிக்கடி திறந்த பக்கம், முதலில் அதையே செய்து பாருங்கள். வர்க்கி மாதிரி மடித்து மடித்துச் செய்யும் மாவுகளை முதல் முயற்சியாக எடுக்க வேண்டாம். அவற்றில் கைப்பழக்கம்தான் முக்கால்வாசி.

3. சொற்களின் அர்த்தத்தை உறுதி செய்யுங்கள்

நம் பக்கத்து நோட்டுகளில் பெரிய குழப்பம் சர்க்கரையில்தான். கொங்கு வீடுகளில் பழைய ஆட்கள் வெள்ளைச் சர்க்கரையை அஸ்கா என்பார்கள். வெறுமனே "சக்கரை" என்று எழுதியிருந்தால் அது நாட்டுச் சர்க்கரை, அதாவது கவுந்தப்பாடிப் பக்கம் காய்ச்சும் கரும்புச் சர்க்கரை. ஒரே நோட்டில் இரண்டும் இருக்கும். என்னிடம் வந்த ஒரு பெண் தன் அப்பத்தாவின் "சக்கரை பன்"னை வெள்ளைச் சர்க்கரை போட்டே மூன்று தடவை செய்துவிட்டு, நிறமும் வரவில்லை, மணமும் வரவில்லை என்று சோர்ந்து போய் வந்தார். நாலாவது தடவை நாட்டுச் சர்க்கரை போட்டதும் மாவு பிசையும்போதே "இதேதாங்க்கா அந்த வாசம்" என்று சொல்லிவிட்டார்.

சோடா என்று தனியாக இருந்தால் அது ஆப்ப சோடா. அது பேக்கிங் பவுடரைப் போல மூன்று நாலு மடங்கு வீரியம், அதனால் ஒன்றுக்கு ஒன்று மாற்றினால் கேக்கில் சோப்புக் கசப்பு வரும். சோடா வேலை செய்யக் கூடவே புளிப்பு ஏதாவது வேண்டும். தயிர், மோர், எலுமிச்சை, நாட்டுச் சர்க்கரை இவற்றில் ஒன்று குறிப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றுமே இல்லையென்றால் எழுதியவர் பேக்கிங் பவுடரைத்தான் சோடா என்று எழுதியிருக்க வாய்ப்பு அதிகம்.

பிஸ்கட் குறிப்புகளில் "அமோனியா" என்று வரும். அது பேக்கரிக்காரர்கள் போடும் அமோனியம் பைகார்பனேட். மெல்லிய பிஸ்கட்டில் வாயு முழுதும் வெளியேறி மொறுமொறுப்பு வரும், கனமான கேக்கில் போட்டால் நெடி உள்ளேயே தங்கிவிடும். கிடைக்காவிட்டால் அதே அளவு பேக்கிங் பவுடர் போடலாம், மொறுமொறுப்பு மட்டும் கொஞ்சம் குறையும்.

ஈஸ்ட் என்று அவுன்ஸ் கணக்கில் எழுதியிருந்தால் பெரும்பாலும் அது கட்டியாக வரும் பச்சை ஈஸ்ட். அதில் மூன்றில் ஒரு பங்கு இன்ஸ்டன்ட் ஈஸ்ட் போதும், 30 கிராமுக்கு 10 கிராம். இது தெரியாமல் அதே எடை போட்டால் மாவு சட்டியை விட்டு வெளியே வரும், பன் புளித்த வாடை அடிக்கும்.

4. அளவை எல்லாம் கிராமுக்கு மாற்றுங்கள்

அதிக நேரம் பிடிக்கும் படி இதுதான். நம் நாட்டில் மெட்ரிக் எடை வந்தது 1958ல், கட்டாயமானது 1960களின் தொடக்கத்தில். ஆனால் சமையலறையில் பழைய கணக்கு அப்புறமும் ரொம்ப நாள் ஓடியது. அதனால் ஒரே பக்கத்தில் பலமும் அவுன்சும் கிராமும் கலந்து கிடப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

எடைகளில் குழப்பம் குறைவு. ஒரு பலம் சுமார் 35 கிராம். ஒரு ரூபாய் எடை, அதாவது ஒரு தோலா, 11.66 கிராம். ஒரு அவுன்ஸ் 28 கிராமுக்குச் சற்று மேல், ஒரு பவுண்டு 454 கிராம். ஆனால் பாலுக்கும் தண்ணீருக்கும் அவுன்ஸ் என்று வந்தால் அது கொள்ளளவு, மருந்து கிளாஸில் அளந்தது. அவுன்சுக்கு 28 முதல் 30 மில்லி என்று வைத்துக் கொள்ளலாம். பைன்ட் என்று இருந்தால் குறிப்பு எந்த நாட்டிலிருந்து வந்தது என்று பாருங்கள். ஆங்கிலேயரின் பைன்ட் 568 மில்லி, அமெரிக்க பைன்ட் 473 மில்லி. எஸ்டேட் வீட்டு நோட்டுகளில் பெரும்பாலும் முதலாவதுதான்.

ஆழாக்கு, படி, டம்ளர் இவைதான் சிக்கல், ஏனென்றால் ஆழாக்கு ஊருக்கு ஊர் மாறும், வீட்டுக்கு வீடுகூட மாறும். இணையத்தில் தேடி ஒரு எண்ணைப் போடாதீர்கள். அந்த வீட்டு ஆழாக்கைத் தராசில் வைத்து எடையைப் பூஜ்யமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். எத்தனை கிராமோ அத்தனை மில்லி. எங்கள் வீட்டு ஆழாக்கு 170 மில்லி வந்தது.

அப்புறம் அதே ஆழாக்கில் ரவையைக் கொட்டித் தலை தட்டி நிறுத்தேன், 120 கிராம். அஸ்கா 145 கிராம். டால்டா அரை ஆழாக்கு 77 கிராம். மூன்று தடவை நிறுத்துச் சராசரி எடுத்தது இது. கையால் அமுக்கி நிரப்பினால் மைதா மாதிரிப் பொருளில் கால் பங்கு வரை கூடிவிடும், அதனால் லேசாகக் கொட்டித் தட்டுவது என்று ஒரே முறையை வைத்துக் கொள்ளுங்கள். ஆழாக்கு தொலைந்து போயிருந்தால் முதலில் எல்லாவற்றையும் விகிதமாக எழுதுங்கள்: ரவை 1, சர்க்கரை 1, கொழுப்பு அரை. விகிதம் சரியாக இருந்தால் எந்தக் கிண்ணத்தில் அளந்தாலும் கேக் வரும், ஒன்றே ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று முட்டை, ஏனென்றால் முட்டை எண்ணிக்கையில் இருக்கும், கிண்ணத்தில் அடங்காது. பழைய நோட்டில் 4 முட்டை என்றால் அது பெரும்பாலும் வீட்டில் மேய்ந்த நாட்டுக்கோழி முட்டை, ஓட்டோடு 40 கிராம் சுற்றி இருக்கும். இன்று கடைக்கு வரும் நாமக்கல் பண்ணை முட்டை 50லிருந்து 55 கிராம். ஓட்டை நீக்கினால் நாட்டு முட்டை நாலும் பண்ணை முட்டை மூன்றும் ஏறக்குறைய ஒன்று, 140 கிராம் பக்கம். இது தெரியாமல் பண்ணை முட்டை நாலை உடைத்து ஊற்றினால் கேக் ரப்பர் மாதிரி இழுக்கும், முட்டை வாடையும் தூக்கும். என் வகுப்பில் இந்தத் தவறுதான் அதிகம் நடக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நோட்டில் "முட்டை எடைக்குச் சமம்" என்று ஒரு வரி இருந்தால் அதைப் பொக்கிஷமாக வைத்துக் கொள்ளுங்கள். முட்டையை ஓட்டோடு நிறுத்து, அதே எடை வெண்ணெய், அதே எடை சர்க்கரை, அதே எடை மைதா. எந்தக் காலத்து முட்டைக்கும் அது தானாகப் பொருந்திக் கொள்ளும்.

5. சூட்டையும் டின்னையும் முடிவு செய்யுங்கள்

பழைய குறிப்பில் வெப்பம் சொல்லாகத்தான் இருக்கும். "இளம் சூடு" 150 டிகிரி செல்சியஸ், "மிதமான சூடு" 175 முதல் 180, "நல்ல சூடு" 200க்கு மேல் என்று வைத்துக் கொள்ளலாம். ஃபாரன்ஹீட்டில் 350 என்றால் 177. ஆங்கிலக் குறிப்பில் கேஸ் மார்க் 4 என்று வந்தால் 180. ஃபேன் ஓடும் ஓவனாக இருந்தால் இருபது டிகிரி குறையுங்கள், காற்று சுழன்று மேற்புறத்தைச் சீக்கிரம் காய்ச்சிவிடும்.

"தணல் மேலும் கீழும்" என்றால் சட்டிக்கு அடியில் கொஞ்சம், மூடி மேல் கொஞ்சம் என்று அடுப்புக் கரி போட்டு வேகவைத்த காலம். ஓவனில் இரண்டு கம்பியும் எரியவிட்டு 175ல் வைப்பது அதற்குப் பக்கத்தில் வரும். சின்ன ஓவனில் மேல் கம்பி டின்னுக்கு ரொம்பக் கிட்டே இருக்கும், அதனால் தட்டைக் கீழ் அடுக்கில் வையுங்கள்.

ஓவன் இல்லாதவர்கள் அடிகனமான பழைய அலுமினியச் சட்டியில் இரண்டு விரல் உயரம் மணல் அல்லது கல்லுப்பு பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, மூடி பத்துப் பன்னிரண்டு நிமிடம் சூடாக்கிக் கொள்ளலாம். குக்கரில் செய்தால் வெயிட்டையும் ரப்பரையும் கண்டிப்பாகக் கழற்றுங்கள். அழுத்தம் ஏறினால் ஆபத்து, காய்ந்த சூட்டில் ரப்பரும் கெட்டுவிடும். மேல் சூடு கிடையாது என்பதால் மேற்புறம் வெளிறித்தான் இருக்கும், நேரமும் பத்துப் பதினைந்து நிமிடம் கூட ஆகும்.

டின் அளவும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆறு அங்குல வட்டத்தின் பரப்பு 28 சதுர அங்குலம், எட்டு அங்குல வட்டம் 50. இரண்டு அங்குலம்தானே என்று நினைத்துப் பெரிய டின்னில் ஊற்றினால் மாவு பாதி உயரத்துக்குப் பரவி, சீக்கிரம் வெந்து காய்ந்துவிடும். ரவா கேக் மாவு மொத்தம் அரைக் கிலோவுக்குச் சற்று மேல் வருவதால் ஆறு அங்குலம் சரி. டின்னில் மாவு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏறக் கூடாது.

எந்த நாள் செய்வது என்பதையும் பார்த்துக் கொள்ளுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளில் ஓவனைப் போட்டு, இருபதாவது நிமிடத்தில் கரண்ட் போனால் அந்தக் கேக்கைக் காப்பாற்ற வழியில்லை.

6. எழுதாமல் விட்டதைக் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்

"நன்றாக அடித்து" என்ற ஒரு சொல்லுக்குள் அரை மணி நேர வேலை ஒளிந்திருக்கிறது. எதை எதனோடு அடிப்பது, எது முதலில், எது கடைசியில்? எழுதியவரோடு சமைத்த ஒருவர் இன்னும் இருந்தால் போய்க் கேளுங்கள். போனில் கேட்டால் "அதுதான் நோட்டுல இருக்கே" என்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பொருளைக் கையில் கொடுத்தால்தான் கை ஞாபகப்படுத்தும்.

எனக்கு ரவா கேக் இரண்டு தடவை மணல் மாதிரி நறநறவென்று வந்தது. பெரியம்மாவை வரச் சொல்லி முன்னால் வைத்துச் செய்தேன். ரவையைக் கலந்ததும் நான் டின்னைக் கையில் எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தி, கிண்ணத்தின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய் வாசலில் உட்கார்ந்து கொண்டார். "ஏங்கண்ணு, ரவ ஊறாட்டி எப்படி வேகும்? ஒரு அரை மணி நேரம் அதும்பாட்டுக்கு இருக்கட்டும்." அரை மணி கழித்துத் தட்டை எடுத்தபோது தளரத் தளர இருந்த மாவு கெட்டியாகி, கரண்டியிலிருந்து மெதுவாக மடிந்து மடிந்து விழுந்தது. நோட்டில் அந்த அரை மணி நேரம் எங்கேயும் இல்லை.

கேட்க ஆள் இல்லாதபோது வரிசையை நாமே அமைக்க வேண்டும். கட்டிக் கொழுப்பும் சர்க்கரையும் இருந்தால் முதலில் அவை இரண்டையும் வெளுத்துப் பஞ்சு போல ஆகும்வரை அடிக்க வேண்டும், சர்க்கரையின் முனைகள் கொழுப்புக்குள் காற்றறைகளை உண்டாக்கும் வேலை அங்கேதான் நடக்கிறது. கடையில் வரும் சர்க்கரை பெருமணியாக இருந்தால் மிக்ஸியில் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள், மாவாக்கிவிடாதீர்கள். அப்புறம் முட்டை, ஒவ்வொன்றாக. மொத்தமாக ஊற்றினால் திரிந்து போகும். அப்புறம் ரவை, பால். ஊற வைப்பது இங்கே. பேக்கிங் பவுடர் கடைசியில், டின்னில் ஊற்றுவதற்குச் சற்று முன். முதலிலேயே போட்டு அரை மணி ஊறவிட்டால் அதன் வீரியத்தில் பாதி கிண்ணத்திலேயே போய்விடும். மைதாக் கேக்கில் ஊற வைக்கும் வேலை கிடையாது, மாவு போட்டதும் கிளறுவதைக் குறைத்துக் கொள்ளுங்கள், கிளறக் கிளறப் பசைத்தன்மை ஏறி இறுகும்.

வெண்ணெய் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக் குறிப்பில் "அறை வெப்பநிலையில் உள்ள வெண்ணெய்" என்றால் குளிர்நாட்டு அறை, சுமார் 18லிருந்து 20 டிகிரி. ஈரோட்டில் சித்திரை மாதம் அறையில் வைத்தால் அது உருகி ஓடும். உருகிய வெண்ணெயில் காற்று நிற்காது, கேக் அடியில் எண்ணெய் தேங்கிப் பட்டை கட்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் பாருங்கள், விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், விரல் உள்ளே போகக் கூடாது. அடிக்கும்போது பளபளப்பு வந்தால் கிண்ணத்தைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து அடியுங்கள்.

7. முதல் தடவை எதையும் மாற்றாதீர்கள்

இதைத்தான் யாரும் கேட்பதில்லை. டால்டா, அதாவது வனஸ்பதி, உடம்புக்கு ஆகாதே என்பார்கள். நியாயமான கவலைதான், எனக்கும் தினமும் சாப்பிடும் பொருளில் அதைப் போடும் எண்ணம் இல்லை. ஆனால் ஒரே ஒரு தடவை, சின்ன அளவில் மூல வடிவத்தைச் செய்து சாப்பிட்டுப் பார்த்தால்தான் எதை நோக்கிப் போகிறோம் என்று தெரியும். 2022 முதல் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று நம் உணவுப் பாதுகாப்பு விதி இருப்பதால், இன்றைய வனஸ்பதியும் நோட்டு எழுதிய காலத்து வனஸ்பதி இல்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

சின்ன அளவுக்குப் பாதியாகக் குறைக்கும்போது மூன்று முட்டை ஒன்றரையாகும். முட்டைகளை அடித்துக் கலந்து பாதி எடையை நிறுத்து எடுங்கள். டின்னையும் நாலரை அங்குலத்துக்குக் குறையுங்கள்.

ரவா கேக்கின் முழு அளவு 175 டிகிரியில் முப்பத்தைந்திலிருந்து நாற்பது நிமிடம். ஓவனைப் பதினைந்து நிமிடம் முன்னதாகவே சூடாக்கி வையுங்கள். முதல் இருபத்தைந்து நிமிடம் கதவைத் திறக்கக் கூடாது, நடுப்பகுதி இறுகும் முன் குளிர்காற்று பட்டால் அமுங்கிவிடும். ஈர்க்குச்சியை நடுவில் குத்தி எடுத்தால் ஈரமாவு ஒட்டக் கூடாது. வெளியே எடுத்துப் பத்து நிமிடம் டின்னிலேயே விட்டு அப்புறம் கவிழ்க்க வேண்டும்.

ஆறிய பிறகு வீட்டில் பெரியவர்களுக்கு ஒரு துண்டு கொடுத்து, அந்தக் காலத்தில் இப்படித்தான் இருந்ததா, எதில் வித்தியாசம் என்று கேட்டு எழுதிக் கொள்ளுங்கள்.

8. இப்போது மாற்றுங்கள், ஒரு தடவைக்கு ஒன்று

முதலில் கொழுப்பு. வனஸ்பதி முழுக்கக் கொழுப்பு, வெண்ணெயில் சுமார் 80 சதவீதம்தான் கொழுப்பு, மீதி பெரும்பாலும் தண்ணீர். அதனால் 77 கிராம் வனஸ்பதிக்கு 96 கிராம் வெண்ணெய் போட்டு, பாலில் 15 முதல் 20 மில்லியைக் குறைக்க வேண்டும். எடைக்கு எடை மாற்றிவிட்டுக் கேக் வறண்டு போச்சு என்பவர்கள் இந்தக் கணக்கை விட்டவர்கள். ஊத்துக்குளி வெண்ணெய் மாதிரி உப்பில்லாத வெள்ளை வெண்ணெய் கிடைத்தால் அதையே எடுங்கள், மோரை நன்றாகப் பிழிந்து கழுவியது முக்கியம். உப்பு வெண்ணெய் என்றால் குறிப்பில் உள்ள உப்பை விட்டு விடுங்கள். நெய் போட்டால் மணம் அருமையாக இருக்கும், ஆனால் உறைந்து மணல்பதமாக இருக்கும் நெய்தான் ஓரளவு அடிபடும், உருகின நெய்யில் கேக் தட்டையாகத்தான் வரும். நெய் பிஸ்கட்டுக்கு அது குறையே இல்லை.

அடுத்தது சர்க்கரை. ஐந்தில் ஒரு பங்கு வரை தயங்காமல் குறைக்கலாம், 145க்கு 115 கிராம். அதற்குக் கீழே போனால் இனிப்பு மட்டும் போவதில்லை, ஈரமும் நிறமும் மென்மையும் சேர்ந்தே போகும், ஏனென்றால் ஈரத்தைப் பிடித்து வைப்பதே சர்க்கரைதான். அஸ்காவுக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை போடுகிறவர்கள் முதலில் சல்லடையில் சலித்துக் கட்டியை உடைத்துக் கொள்ளுங்கள். அதில் ஈரம் இருக்கும், கொழுப்போடு அவ்வளவாகப் பஞ்சாக அடிபடாது. அதனால் முதலில் பாதிக்குப் பாதி.

மாவு. மைதாவில் பாதிக்குக் கோதுமை மாவு போடலாம், ஒன்றிரண்டு மேசைக்கரண்டி பால் கூட்டிப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டால் தவிடு இளகும். ராகி, கம்பு, சோளம் இவற்றில் கேக்கைத் தாங்கிப் பிடிக்கும் பசை கிடையாது, கால் பங்குக்கு மேல் போனால் உதிரும். பிஸ்கட்டில் பாதி வரை போகலாம், கம்பு நெய் பிஸ்கட் நான் செய்ததிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது.

முட்டை இல்லாமல் வேண்டும் என்று புரட்டாசியில் எல்லோரும் கேட்பார்கள். ஒன்று அல்லது இரண்டு முட்டை உள்ள குறிப்பில், ஒரு முட்டைக்குக் கால் கப் தயிர் போட்டு ஒரு சிட்டிகை ஆப்ப சோடா சேர்த்துப் பார்க்கலாம். மூன்றுக்கு மேல் முட்டை உள்ள குறிப்பில் அந்த வேலை வேண்டாம், அங்கே கேக்கே முட்டையில்தான் நிற்கிறது. அதற்கு முட்டையில்லாக் குறிப்பைத் தனியாகத் தேடிக் கொள்வதுதான் நேர்மை.

பழக் கேக்கில் ரம்முக்குப் பதில் ஆரஞ்சுச் சாறு ஊற்றி ஊற வைப்பவர்கள் கவனியுங்கள். சாராயத்தில் ஊறிய பழம் மாதக்கணக்கில் இருக்கும், சாற்றில் ஊறியது ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று நாளுக்கு மேல் வேண்டாம். கேக்கும் அதே மாதிரி, பழைய குறிப்பில் "ஒரு மாதம் கெடாது" என்று இருப்பதை நம்பி வெளியே வைக்காதீர்கள்.

9. மலையிலிருந்து இறங்கி வந்த குறிப்பு என்றால்

ஊட்டி, குன்னூர், வால்பாறை எஸ்டேட் வீடுகளிலிருந்து வந்த நோட்டுகளுக்கு இந்தப் படி கூடுதல். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர், கோவை சுமார் 410 மீட்டர். மேலே காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 93 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும், மாவு சீக்கிரம் பொங்கும், ஈரம் சீக்கிரம் போகும். அங்கே பழகினவர்கள் பேக்கிங் பவுடரைக் குறைத்து, பாலைக் கூட்டி, சூட்டைக் கூட்டித்தான் எழுதியிருப்பார்கள். அதை அப்படியே கோயம்புத்தூரில் செய்தால் கேக் எழும்பாமல் பிசுபிசுப்பாக இருக்கும். பேக்கிங் பவுடரைக் கால் பங்கு கூட்டி, ஒரு கப் பாலுக்கு இரண்டு மேசைக்கரண்டி குறைத்து, சூட்டைப் பத்து டிகிரி இறக்கிப் பாருங்கள். ஆனால் குறிப்பு அங்கேயே செய்து பழகியதா, இல்லை சீமைப் புத்தகத்திலிருந்து எழுதி வைத்ததா என்று தெரிந்து கொண்டு செய்யுங்கள். இரண்டாவது என்றால் இந்தத் திருத்தம் எதுவும் தேவையில்லை.

10. சரியாக வரவில்லையென்றால் எங்கே பார்ப்பது

நடுவில் எரிமலை மாதிரி வெடித்து எழும்பினால் சூடு அதிகம், வெப்பமானியைப் பாருங்கள். நடுவில் குழி விழுந்தால் சீக்கிரம் கதவு திறந்தது அல்லது வேகாதது, இரண்டும் இல்லையென்றால் பேக்கிங் பவுடர் அதிகம். நறநறப்பு என்றால் ரவை ஊறவில்லை. அடியில் எண்ணெய்ப் பட்டை என்றால் கொழுப்பு உருகியிருந்தது. வெளிறி, காய்ந்து, கனமாக வந்தால் சூடு குறைந்து நேரம் நீண்டிருக்கிறது.

ஒரே தடவையில் இரண்டு குறை தெரிந்தால் சூட்டைத்தான் முதலில் சரி செய்ய வேண்டும். சூடு தப்பாக இருக்கும்போது அளவில் கை வைத்தால் நல்ல குறிப்பும் கெட்டுப் போகும்.

11. புது நோட்டில் எழுதும் முறை

இடப்பக்கம் பழைய வரிகள், எழுதியபடியே. வலப்பக்கம் கிராம் கணக்கு, டின் அளவு, வெப்பமானி காட்டிய சூடு, நேரம், எந்த அடுப்பு. கீழே ஒவ்வொரு தடவையும் மாற்றிய ஒன்றையும், சாப்பிட்டவர் சொன்ன ஒரு வரியையும் தேதியோடு எழுதுங்கள். "பெரியம்மா: ஏலம் பத்தல" என்று இருந்தால் போதும். "நன்றாக", "கொஞ்சம்", "பதமாக" என்ற சொற்கள் வந்தால் அங்கேயே நிறுத்தி நிமிடமாக, கிராமாக, இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியும் அடையாளமாக மாற்றுங்கள்: "கரண்டியிலிருந்து மடிந்து விழ வேண்டும்" மாதிரி.

பழைய நோட்டை லேமினேட் செய்யக் கூடாது. சூடும் பசையும் தாளைக் கெடுக்கும், பிறகு பிரித்தெடுக்கவும் முடியாது. பக்கங்களைப் படம் எடுத்து வைத்துவிட்டு, நோட்டைத் துணி உறையில் போட்டு ஈரம் படாத அலமாரியில் வையுங்கள், சமையல் மேடைக்கு அதைக் கொண்டு வரவே வேண்டாம். சித்திரையில் செய்தீர்களா மார்கழியில் செய்தீர்களா, வெண்ணெய் எத்தனை நிமிடம் வெளியே இருந்தது என்பதையும் ஓரத்தில் குறித்துவிடுங்கள். அடுத்து செய்யும்போது முதலில் தேடப் போவது அந்த எண்ணைத்தான்.